கை கழுவும் தண்ணீர்



கடந்த தவக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து, மறைக்கல்விப் பிள்ளைகளும் வீட்டுக்குக் கிளம்பிவிட்ட நேரம். ஆங்கில இலக்கியம் இரண்டாம் ஆண்டு படிக்கும் நம் பங்கைச் சேர்ந்த மாணவி ஒருவர் நான்கு பக்கக் கட்டுரையோடு வந்து நின்றார். "ஃபாதர், இதைக் கொஞ்சம் படிச்சுப் பாத்துச் சொல்றீங்களா? காலேஜ் மலர்ல போடலாம்னு மேடம் சொல்றாங்க. கொடுக்கலாமா வேண்டாமான்னு தெரியல" என்றார்.

"நல்லா எழுதியிருந்தா கொடுக்க வேண்டியதுதானேம்மா?"

"இதுல எங்க அப்பா இருக்காரு ஃபாதர்."

அதை வாங்கி வைத்துக்கொண்டு அன்று மாலை படித்தேன். அந்தக் கட்டுரையைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் எதுவும் ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்டதல்ல. திண்ணையில் அமர்ந்து பேசியதுதான். அந்த மகளும் அவருடைய தந்தையும் சம்மதம் தந்த பிறகே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வகுப்பில் அவர்கள் படித்தது ஷேக்ஸ்பியரின் 'மக்பெத்'. நம்மில் பலர் படித்திராத நாடகம் என்பதால் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்காட்லாந்து நாட்டுத் தளபதி மக்பெத் போரில் வென்று திரும்பும் வழியில் மூன்று சூனியக்காரிகளைச் சந்திக்கிறான். நீ அரசனாவாய் என்கிறார்கள். அரசன் டங்கன் அவனுக்கு உறவினன், அவன்மீது அன்பு காட்டுபவன், அன்றிரவு அவன் வீட்டுக்கே விருந்தாளியாக வருகிறான். மக்பெத் தயங்குகிறான். மனைவி தூண்டுகிறாள். உறங்கிக்கொண்டிருக்கும் அரசனைக் கொன்று அரியணை ஏறுகிறான். அதன் பிறகு நண்பன் பாங்கோவையும், மக்டஃப் என்பவனுடைய மனைவி மக்களையும் ஆள் வைத்துக் கொல்கிறான். கடைசியில் அந்த மக்டஃபின் வாளுக்கே இரையாகிறான்.

1606 ஆம் ஆண்டு வாக்கில் எழுதப்பட்ட நாடகம் இது. கத்தோலிக்கர்களாகிய நமக்கு அந்தக் காலத்தோடு ஒரு தொடர்பும் உண்டு. அதற்கு முந்தைய ஆண்டுதான் இங்கிலாந்து நாடாளுமன்றத்தை வெடிமருந்து வைத்துத் தகர்க்கும் சதி பிடிபட்டது. பாவசங்கீர்த்தனத்தின் வழியாக அந்தச் சதி தமக்குத் தெரியவந்தது என்று சொன்ன இயேசு சபைக் குரு ஹென்றி கார்னெட் 1606 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். நாடகத்தில் குடித்துவிட்டுப் பேசும் வாயிற்காவலன் 'இரட்டை நாக்குக்காரன்' ஒருவனைக் கேலி செய்வான். அது இந்தக் குருவைத்தான் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். குருக்களுக்கு அவ்வளவு நல்ல பெயர் இல்லாத காலத்தில், ஒரு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே நிற்கிற இரண்டு ஆன்மாக்களைப் பற்றி எழுதப்பட்ட நாடகம் என்று நான் இதை எண்ணிக்கொள்வதுண்டு. கேரளத்தில் 2021 இல் வெளிவந்த 'ஜோஜி' திரைப்படம் இதே கதையை எருமேலிப் பக்கத்து ஒரு கிறிஸ்தவக் குடும்பத்துக்குள் கொண்டுபோய் வைத்தது. பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும்.

நம் மாணவியின் கட்டுரைக்கு வருகிறேன். அதை ஒரு சொல்லில் இருந்து தொடங்கியிருந்தார். 'ஆம்பிஷன்' என்ற ஆங்கிலச் சொல்லை ஆசிரியை கரும்பலகையில் எழுதி, தமிழில் என்ன என்று கேட்டாராம். பாதி வகுப்பு 'இலட்சியம்' என்றது. பாதி வகுப்பு 'பேராசை' என்றது. ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டையும் சுமக்கிறது, தமிழில் சொல்ல வேண்டுமென்றால் நாம் முதலிலேயே தீர்ப்புக் கொடுத்துவிட வேண்டியிருக்கிறது என்று எழுதியிருந்தார். என்னைச் சிந்திக்க வைத்த இடம் அது. குருமடத்தில் படித்த இலத்தீன் நினைவுக்கு வந்தது. அந்தச் சொல்லின் வேர், பதவிக்காக ஓட்டுக் கேட்டு ஊரைச் சுற்றி நடப்பது. நடப்பதில் பாவம் இல்லை. எதற்காக, யார் வாசலை மிதித்துக்கொண்டு நடக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வள்ளுவரும் ஊக்கமுடைமைக்கு ஓர் அதிகாரம் வைத்துவிட்டு, வெஃகாமைக்கும் தனியாக ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார்.

நம் ஊரில் இருந்துகொண்டு ஆசையைப் பாவம் என்று ஒரு குருவானவர் பொத்தாம் பொதுவாகப் பிரசங்கம் வைத்தால் யாரும் நம்ப மாட்டார்கள். இந்த நகரமே ஆசையால் கட்டியது. ஒரு பையோடு பஸ்ஸில் வந்து இறங்கி, கைமடிக்கச் சேர்ந்து, பவர் டேபிளில் உட்கார்ந்து, கட்டிங் மாஸ்டர் ஆகி, பிறகு நான்கு மெஷின் வாடகைக்குப் போட்டு ஜாப் ஒர்க் எடுத்து வளர்ந்தவர்கள் நம் பங்கிலேயே எத்தனை பேர்! ஒன்றரை ஷிப்ட் பார்த்துப் பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பும் தாய்மாரின் ஆசையைப் பேராசை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

அந்த மாணவியின் தந்தையும் அப்படி வந்தவர்தான். 1990களில் திண்டுக்கல் பக்கமிருந்து வந்து, சாயப்பட்டறையில் வேலைக்குச் சேர்ந்து, பத்தாண்டுகளில் இருவரோடு கூட்டுச் சேர்ந்து சொந்தமாகச் சிறிய பட்டறை போட்டார்.

கட்டுரையில் மாணவி கவனித்து எழுதியிருந்த முக்கியமான ஒன்று உண்டு. மக்பெத் செய்யும் முதல் கொலைதான் ஆசையால் செய்தது. அதற்குப் பிறகு செய்தவை எல்லாம் பயத்தால் செய்தவை. அரசனான பிறகு அவனுக்கு ஆசைப்பட எதுவும் மிச்சமில்லை, கையில் இருப்பது போய்விடுமோ என்ற நடுக்கம்தான் மிச்சம். இதை எழுதிவிட்டு அடுத்த பத்தியில் அவர் தன் வீட்டுக் கதையைச் சொல்கிறார். சாயம் ஏற்றிய தண்ணீரைச் சுத்திகரிக்கப் பணம் வேண்டும். அந்தப் பணத்தை மிச்சப்படுத்தினால் இன்னொரு மெஷின் வாங்கலாம். முதல் முறை இரவு மழையில் வாய்க்காலில் திறந்துவிட்டது அந்த ஆசையால். அப்புறம் வங்கிக் கடன், வட்டி, ஷிப்மென்ட் தேதி, பக்கத்துப் பட்டறைக்காரன் இதைவிடக் குறைந்த ரேட்டுக்குச் செய்கிறான் என்ற பயம். "மழை வந்தால் மற்ற வீடுகளில் துணி எடுப்பார்கள். எங்கள் வீட்டில் அப்பாவுக்குப் போன் வரும்" என்று ஒரு வரி இருந்தது.

இளைஞர்களுக்காக அந்த நாட்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கும் நொய்யல், ஒரு காலத்தில் குளிக்கவும் குடிக்கவும் ஆன ஆறு. பருத்தித் துணியில் சாயம் பிடிக்க ஏராளமான உப்புச் சேர்க்க வேண்டும். நிறத்தைக்கூடக் கண்ணால் பார்த்துவிடலாம். உப்பு கண்ணுக்குத் தெரியாமல் கிணற்றுக்கும் வயலுக்கும் போய்விடும். ஈரோடு, கரூர்ப் பகுதி நிலங்களுக்குப் பாசனம் தருவதற்காக 1992 இல் ஒரத்துப்பாளையம் அணை கட்டப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று காத்திருந்த விவசாயிகளே அந்தத் தண்ணீர் எங்களுக்கு வேண்டாம் என்று நீதிமன்றம் போனார்கள். சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடக் கூடாது என்று 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பட்டறை உரிமையாளர்களின் மேல்முறையீட்டை 2009 இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறகும் நிலைமை மாறாததால் 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே ஸ்தம்பித்தது. வேலை இழந்து சொந்த ஊருக்குத் திரும்பியவர்கள் எத்தனையோ பேர். கழிவுநீரை முழுவதும் சுத்திகரித்து மறுபடியும் பயன்படுத்தும் ஏற்பாட்டோடு பின்னர் பல பட்டறைகள் திறந்தன. அந்தச் செலவைத் தாங்க முடியாத சிறியவர்கள் பலர் திறக்கவேயில்லை. இவரும் திறக்கவில்லை. இப்போது வேறொருவர் பட்டறையில் சாய மாஸ்டராக வேலை பார்க்கிறார்.

அந்தப் பட்டறை மூடியபோது மகளுக்கு ஐந்து வயது. அவருக்கு நினைவிருப்பது அப்பாவின் கைகள் மட்டும். தினம் ஒரு நிறம். சாப்பிட உட்காருவதற்கு முன் பிளீச்சிங் தண்ணீரில் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாராம். நகக்கண்ணில் மட்டும் போகாதாம். கல்லூரியில் நாடகத்தின் ஐந்தாம் அங்கத்தை நடத்தியபோது அந்தக் கைகள் நினைவுக்கு வந்திருக்கின்றன.

அந்த அங்கத்தில்தான் லேடி மக்பெத் தூக்கத்தில் எழுந்து நடக்கிறாள். கையில் இல்லாத இரத்தக் கறையைக் கழுவிக்கொண்டே இருக்கிறாள். சில சமயம் கால் மணி நேரம்கூடக் கழுவுவாள் என்று பணிப்பெண் மருத்துவரிடம் சொல்கிறாள். கொலை நடந்த இரவில், கொஞ்சம் தண்ணீர் போதும் எல்லாம் சரியாகிவிடும் என்று கணவனுக்குத் தைரியம் சொன்னவள் இவளேதான். அன்று நடுங்கியவன் அவன். பக்கத்தில் யாரோ செபம் சொன்னபோது 'ஆமென்' என்ற ஒரு சொல் தொண்டையை விட்டு வரவில்லையே என்று புலம்பியவன் அவன். நாடகம் முடிவதற்குள் இருவரும் இடம் மாறிவிடுகிறார்கள். அவனுக்கு மரத்துப்போகிறது. மனைவி இறந்த செய்தி வரும்போதுகூட அவனால் அழ முடியவில்லை. மறத்தவளுக்கோ எல்லாம் திரும்பி வருகிறது. அவளைப் பார்த்த மருத்துவர், இது என் வைத்தியத்துக்கு அப்பாற்பட்டது, இவளுக்கு வேண்டியவர் மருத்துவரல்ல, இறைவனின் ஆள் என்ற பொருளில் சொல்லிவிட்டு விலகுகிறார். ஆனால் நாடகம் முழுவதும் அப்படி ஒருவர் வருவதேயில்லை. அவள் சொன்னதைக் கேட்ட இருவரும் பயந்து வாயை மூடிக்கொள்கிறார்கள்.

யூதாசின் நிலையும் ஏறக்குறைய இதுதான். அவன் மனம் வருந்தவில்லை என்று நாம் சாதாரணமாக நினைத்துக்கொள்கிறோம். மத்தேயு 27 ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். அவன் வருந்துகிறான், பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொல்கிறான், முப்பது வெள்ளிக்காசைத் திருப்பியும் தருகிறான். ஆனால் அதைப் போய் யாரிடம் சொன்னான்? அதனால் எங்களுக்கென்ன என்று கேட்கிறவர்களிடம் சொன்னான். அதே அதிகாரத்தில் சற்றுத் தள்ளி பிலாத்து தண்ணீர் எடுத்து மக்கள் முன்னால் கை கழுவுகிறான். லேடி மக்பெத் தூக்கத்தில் கழுவினாள், இவன் நல்ல விழிப்போடு கழுவினான். என்னைக் கேட்டால் பிலாத்தைவிட அந்தப் பெண் இறையாட்சிக்கு அருகில் இருக்கிறாள் என்பேன். கறை இருப்பதாவது அவளுக்குத் தெரிந்தது. இரண்டாம் வத்திக்கான் சங்கம் மனச்சான்றை, மனிதன் இறைவனோடு தனித்திருக்கும் உள்ளறை என்று விளக்குகிறது. அந்த அறையில் விளக்கு எரிவது வேதனைதான். அணைந்துவிடுவது அதைவிட மோசம்.

கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில் சிலப்பதிகாரம் வருகிறது. அவர்கள் மன்னன் ஏன் கடைசிவரை சண்டை போடுகிறான், நம் பாண்டியன் ஏன் அந்த நொடியிலேயே இறந்துவிடுகிறான் என்பது மாணவியின் கேள்வி. கண்ணகி சிலம்பை உடைக்க, மாணிக்கப் பரல் தெறிக்க, அரசியின் சிலம்பில் இருந்தது முத்து என்பதால் உண்மை வெளிப்படுகிறது. நெடுஞ்செழியன் ஒரு சாக்குப்போக்கும் சொல்லவில்லை. பொற்கொல்லன் ஏமாற்றிவிட்டான் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், அது உண்மையும்கூட. சொல்லவில்லை. தன்னையே கள்வன் என்று ஏற்றுக்கொண்டு அரியணையிலிருந்து விழுந்து உயிர் விடுகிறான். மாணவி அவனை வானளாவப் புகழ்ந்திருந்தார். எனக்கும் அவன்மீது மரியாதை உண்டு. ஆனாலும் ஓரத்தில் பென்சிலால் ஒன்று எழுதி வைத்தேன்: "அரசன் செத்தான், மதுரை எரிந்ததே?" அவன் சாவு கோவலனைத் திருப்பித் தரவில்லை. கண்ணகியின் கோபத்தையும் தணிக்கவில்லை. குற்ற உணர்வால் உயிரை விடுவது கதையில் பெருமையாகத் தெரியலாம். நிஜ வாழ்வில் பின்னால் நிற்பவர்களுக்கு அது எதையும் ஈடுசெய்வதில்லை. இதை நம் இளைஞர்களை நினைத்தே அழுத்திச் சொல்கிறேன்.

சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரையில் இன்னொரு செய்தி இருக்கிறது, பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் கண்ணில் படாதது. பிறகு பாண்டிய நாட்டில் மழை பொய்க்கிறது. கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலி கொடுத்துக் கண்ணகியைச் சாந்தப்படுத்துகிறான். தப்புச் செய்தவன் ஒரு பொற்கொல்லன், தீர விசாரிக்காத குற்றம் அரண்மனையுடையது. உயிரைக் கொடுத்தவர்கள் ஆயிரம் பேர். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நம் ஊர்தான் நினைவுக்கு வரும். நொய்யல் கெட்டதற்கு யார் காரணம் என்றால் எல்லோரும் சாயப்பட்டறைக்காரனைக் கை காட்டுவோம். அவன் செய்தது தப்புதான், மறுக்கவில்லை. ஆனால் பீஸுக்கு ஐம்பது காசு குறைக்கச் சொல்லி அழுத்தியவர்களும், சலுகை விலையில் பனியன் வாங்கிப் பெருமைப்பட்டவர்களும், பார்த்தும் பார்க்காத அதிகாரிகளும், அந்தப் பணத்தில் வந்த காணிக்கையை விசாரிக்காமல் வாங்கிக்கொண்ட எங்களைப் போன்றவர்களும் எந்தத் தண்ணீரில் கை கழுவினோம்?

ஆசிரியையின் கேள்வி, ஆசை தவறா என்பது. மாணவியின் உள்ளத்தில் இருந்தது வேறு கேள்வி. மறுநாள் கட்டுரையைத் திருப்பிக் கொடுக்கும்போது அது வெளியே வந்தது. "எனக்குக் கட்டுற ஃபீஸ்ல அந்தத் தண்ணியும் இருக்கா ஃபாதர்?"

இல்லை என்று சொல்லி அனுப்பியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். இருக்கலாம் என்றேன். ஐந்து வயதில் அறியாமல் உண்ட சோற்றுக்கு நீ பாவி அல்ல, தந்தையின் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் சுமத்தக் கூடாது என்று எசேக்கியேல் இறைவாக்கினர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். ஆனால் இப்போது உனக்குத் தெரியும், தெரிந்த பிறகு வருவது குற்றமல்ல, பொறுப்பு என்றேன். இதை அந்தப் பிள்ளை முழுவதும் ஏற்றுக்கொண்டதாகத் தெரியவில்லை. தலையை ஆட்டினாள்.

கட்டுரையைக் கொடுப்பதா வேண்டாமா என்பதற்கு நாத்தானைக் காட்டினேன். தாவீது உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டு, உரியாவைப் போர்முனையில் சாகவிட்டான். கடவுள் அனுப்பிய நாத்தான் நேராகக் குற்றம் சாட்டவில்லை. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொன்னார். கதை கேட்ட தாவீது கொதித்தெழுந்து, நான்கு மடங்காகத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்ப்புச் சொன்ன பிறகுதான் அந்த மனிதன் தானே என்று தெரிந்தது. தன்னைப் பற்றி என்று தெரிந்தால் நாம் வக்கீல் வைத்து வாதாடுவோம். கதை என்றால் நீதிபதி ஆகிவிடுவோம். வகுப்பில் மக்பெத் படிப்பதால் என்ன பயன் என்று கேட்கும் பெற்றோருக்கு என் பதில் இதுதான். ஆனால் நாத்தான் அந்தக் கதையைக் கடைத்தெருவில் சொல்லவில்லை. முதலில் தாவீதிடம் போனார். "நீயும் முதல்ல அப்பாகிட்ட வாசிச்சுக் காட்டும்மா. மத்தவங்க படிக்கிறது அப்புறம்" என்றேன்.

மூன்று வாரம் கழித்து அந்தத் தந்தையே வந்தார். சனிக்கிழமை சம்பளம் வாங்கிக்கொண்டு நேராக வந்திருந்தார். மகள் தமிழில் சொல்லச் சொல்லக் கேட்டதாகச் சொன்னார். நெடுநேரம் பேசினோம். அவர் கேட்ட ஒரு கேள்விக்கு இன்னும் என்னிடம் முழுமையான பதில் இல்லை. "சக்கேயு நாலு மடங்கு திருப்பிக் கொடுத்தாரு ஃபாதர். அவருக்கு யார்கிட்ட வாங்கினோம்னு தெரியும். நான் யார்கிட்டப் போய்க் கொடுக்கிறது? ஆத்துல விட்டது எந்தக் கிணத்துக்குப் போச்சுன்னு யாருக்குத் தெரியும்?"

பாவமன்னிப்பு பாவத்தைப் போக்கும், ஆனால் பாவம் உண்டாக்கிய சேதத்தையெல்லாம் சரிசெய்துவிடாது, இயன்றதை ஈடுசெய்ய வேண்டும் என்று திருச்சபையின் மறைக்கல்வி நூல் 1459 ஆம் எண்ணில் கற்பிக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்ற நெறியை நம் உச்ச நீதிமன்றம்கூட 1996 இல் வேலூர்ப் பகுதித் தோல் தொழிற்சாலை வழக்கில் ஏற்றுக்கொண்டது. இரண்டையும் சொன்னேன். சேதம் யாருக்கு என்று தெரியாதபோது ஏழைகளுக்குச் செய்வது பழைய அறநெறி இயல் ஆசிரியர்கள் காட்டிய வழி என்பதையும் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு, இப்போது வேலை பார்க்கும் இடத்தில் இரவு ஷிப்டில் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும் வால்வைத் தானே போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுப்பதாகச் சொன்னார். முதலாளி கேட்டதில்லை, இவரும் சொன்னதில்லை.

கட்டுரை இந்த ஆண்டு மலரில் வருகிறது. தந்தையின் பெயரோ ஊர்ப் பெயரோ அதில் இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடி ஒரே ஒரு திருத்தம் செய்திருக்கிறார்கள். நாடகத்தின் இரத்தத்தை மனதில் வைத்து, அந்த முதல் மழை இரவில் வாய்க்காலில் ஓடிய தண்ணீர் சிவப்பு என்று மகள் எழுதியிருந்தாள். "சிவப்பு இல்லம்மா, அன்னைக்கு ஓடினது நேவி ப்ளூ" என்றாராம் அவர்.